பாய்லர் கம்பெனிக்குப் போன டாக்டர்

ஆண்டு மலர் என்றால் வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தில் எடிசன் வருவார், விஸ்வேஸ்வரய்யா வருவார், சர் சி.வி. ராமன் வருவார். இந்த முறை ஒரு டாக்டர் வருகிறார். அதிலும் பிரசவ டாக்டர்! டிப்ளமோ படிக்கிற நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இவர் கதையில் பாதி, நம்ம மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் நடக்க வேண்டிய கதை.

1955-ஆம் ஆண்டு ஜூலை 21. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தை ஒட்டி ரென்ஃப்ரூ என்று ஓர் ஊர். அங்கே பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி. மெக்கானிக்கல் பசங்களுக்கு அறிமுகமே வேண்டாம். தெர்மல் பேப்பரில் வாட்டர் டியூப் பாய்லர் என்று படம் போட்டுப் பாகம் குறிக்கிறோமே, அதே பாப்காக் அண்ட் வில்காக்ஸ்தான். அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. டிக்கியைத் திறந்தால்... ஆபரேஷன் செய்து எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகள், சூலக நீர்க்கட்டிகள்! கொண்டு வந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்ட்.

பாய்லர் தகட்டு வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்பெனி அல்ட்ராசானிக் ஃப்ளா டிடெக்டர் வைத்திருந்தது. இரும்புக்குள் விரிசலைக் காட்டுகிற மெஷின், சதைக்குள் கட்டியைக் காட்டாதா? அதுதான் டாக்டரின் சந்தேகம். அவரிடம் குணமான ஒரு அம்மாவின் கணவர் அந்தக் கம்பெனியில் டைரக்டர். அந்த நன்றியில்தான் கதவு திறந்தது. கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கித் தயாராக வைத்திருந்தார்களாம்!

இந்த மெஷின் வேலை செய்கிற விதம் நமக்குத் தெரிந்ததுதான். ப்ரோபுக்குள் இருக்கும் கிரிஸ்டலுக்கு ஒரு மின் துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பும். ஒரு பொருள் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கும் இடத்தில் அந்த ஒலியில் ஒரு பங்கு எதிரொலித்துத் திரும்பும். திரும்பியது அதே கிரிஸ்டலில் பட்டு மறுபடி மின்சாரமாகி, திரையில் ஒரு கூர்முனையாக எழும்பும். போய் வந்த நேரத்தை வைத்து ஆழம் சொல்லலாம். இரும்பில் ஒலி வினாடிக்குச் சுமார் 5900 மீட்டர் ஓடும். உடம்பின் மென்தசையில் சுமார் 1540 மீட்டர். 10 செ.மீ. ஆழத்தில் ஒரு கட்டியின் சுவர் இருந்தால், போக வர 20 செ.மீ.; வகுத்துப் பாருங்கள், சுமார் 130 மைக்ரோ செகண்டு.

ரென்ஃப்ரூவில் டொனால்ட் கண்டது என்ன? நீர்க்கட்டிக்குள் ஒலி தடங்கலில்லாமல் ஓடியது. முன்சுவரில் ஒரு கூர்முனை, நடுவே ஒன்றுமில்லை, பின்சுவரில் இன்னொரு கூர்முனை. கெட்டியான சதைக்கட்டியில் அப்படி இல்லை. உள்ளே போகப் போக ஒலி தேய்ந்தது. எதிரொலிகளும் குறைந்துகொண்டே போயின. ஆக, வயிற்றைக் கிழிக்காமலே உள்ளே இருப்பது நீரா சதையா என்று சொல்லிவிடலாம்!

இப்படி இரண்டு கார் நிறைய கட்டிகளை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிற டாக்டர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம். 1910 டிசம்பர் 27 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் லிஸ்கெர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அவரும் டாக்டர். சிறு வயதிலேயே குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. டொனால்டுக்கு 20 வயது ஆகுமுன்பே அம்மாவும் அப்பாவும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். கேப்டவுனில் பி.ஏ. முடித்து 1931-ல் இங்கிலாந்து திரும்பி, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டாக்டருக்குப் படித்து 1937-ல் வெளியே வந்தார். அதே வருஷம் கல்யாணம். பிற்பாடு நான்கு பெண் குழந்தைகள்.

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் விமானப்படை டாக்டராகச் சேர்ந்தார். விழுந்து தீப்பிடித்த ஒரு குண்டுவீச்சு விமானத்துக்குள், குண்டுகள் இன்னும் உள்ளே இருக்கும்போதே நுழைந்து ஆட்களை வெளியே இழுத்துப் போட்டார். அதற்காக 1946-ல் எம்.பி.இ. பட்டம் கிடைத்தது. வீரத்தை விட நமக்கு முக்கியமான விஷயம் வேறு. ரேடார், சோனார் இரண்டையும் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தது அங்கேதான். அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும் அந்த வித்தை மனதில் உட்கார்ந்துவிட்டது.

போர் முடிந்ததும் அவர் முதலில் கை வைத்தது ஸ்கேனில் இல்லை, மூச்சில்! பிறந்த குழந்தை சில சமயம் மூச்சு விடத் திணறும், நுரையீரல் விரியாது. அன்றைக்கு அதற்கு நல்ல கருவி எதுவும் இல்லை. செயின்ட் தாமஸில் மாரீன் யங் என்ற உடலியல் நிபுணருடன் சேர்ந்து டொனால்ட் ஒரு சுவாசக் கருவி செய்தார். அதில் ஒரு நல்ல சூட்சுமம். மெஷின் தன் இஷ்டத்துக்குக் காற்றைத் தள்ளாது. குழந்தை தானாக மூச்சிழுக்க லேசாக முயற்சி பண்ணும்போது அதை உணர்ந்து, அந்த நேரத்தில் கை கொடுக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது சர்வோ என்று சொன்னாலே போதும். இன்றைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு வென்டிலேட்டர்களில் நோயாளியின் மூச்சே மெஷினைத் தூண்டுகிற முறை இருக்கிறதல்லவா, அந்த வழியில் இது மிக ஆரம்பகால முயற்சி. 1952-ல் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு மாறியபின், ஜோசஃபின் லார்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1953-ல் லான்செட் இதழில் வந்தது. எந்நேரமும் குழாயும் பம்ப்புமாக அலைந்ததால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர் மேட் டொனால்ட். நம்ம ஹாஸ்டல் மாதிரியே!

1954-ல் கிளாஸ்கோவில் பேராசிரியர் பதவி. 1955-ல் மகப்பேறு மருத்துவச் சிக்கல்கள் பற்றி ஒரு பெரிய பாடப்புத்தகமும் எழுதினார். பல பதிப்பு கண்டது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அல்ட்ராசவுண்டை மனித உடம்பில் முதலில் முயன்றவர் டொனால்ட் இல்லை. ஆஸ்திரியாவில் டூசிக் மூளையை ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஜான் வைல்ட் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார். வைல்டின் சொற்பொழிவை லண்டனில் கேட்டபிறகுதான் டொனால்டுக்கே அந்த ஆர்வம் பற்றிக்கொண்டது.

ரென்ஃப்ரூ சோதனைக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நொண்டியடித்தது. காரணம் மெஷின். லண்டனில் மேனியர்ட் என்ற விஞ்ஞானி மூளையைப் பார்க்க முயன்று, சரிப்படாமல் ஒதுக்கி வைத்திருந்த பழைய மார்க் 2பி ஃப்ளா டிடெக்டரை டொனால்ட் கேட்டு வாங்கி வந்திருந்தார். துடிப்பை அனுப்பிய அதிர்ச்சியில் அதன் ரிசீவர் சற்று நேரம் மரத்துப்போகும். அதற்குள் முதல் 8 செ.மீ. ஆழத்து எதிரொலிகள் வந்து போயே போய்விடும்! வயிற்றில் முக்கியமான சமாச்சாரமே அந்த 8 செ.மீ.க்குள் இருக்கும்போது என்ன செய்வது? நோயாளியின் வயிற்றின்மேல் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை வைத்து, ப்ரோபைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் கொட்டும், படுக்கை நனையும், நர்சுகள் முகம் சுளிப்பார்கள். கையால் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியதற்கு இவ்வளவு கூத்தா என்று சக டாக்டர்கள் கேலி பேசினார்கள்.

இங்கேதான் நம்ம ஆள் வருகிறார். பெயர் டாம் பிரவுன். ஃப்ளா டிடெக்டர் தயாரித்த கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியில் டெக்னிக்கல் அப்ரண்டிஸாகச் சேர்ந்து மேலே வந்தவர். 1956 கடைசியில் வயது 23! பேராசிரியர் ஒருவர் தங்கள் கம்பெனி மெஷினை மனிதர்கள்மேல் வைத்துப் பார்க்கிறார் என்ற செய்தி, ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு வேலை நடந்த சமயத்தில் அவர் காதில் விழுந்தது. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பிரவுன் டெலிஃபோன் டைரக்டரியைப் புரட்டி, டொனால்டின் நம்பரைத் தேடி, நேரே போன் போட்டார். ராஜாவின் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவியில் இருக்கும் மனிதருக்கு, அறிமுகமே இல்லாத 23 வயது பையன்! டொனால்ட் வரச் சொன்னார்.

போய்ப் பார்த்ததும் பிரவுனுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. இந்த மெஷினைக் கட்டிக்கொண்டு அழுது பயனில்லை என்று நல்ல மார்க் 4 மெஷின் ஒன்றைக் கம்பெனியிலிருந்து ஏற்பாடு செய்தார். கம்பெனி உதவித் தலைவர் ஸ்லேட்டர் 500 பவுண்டு ஒதுக்கிக் கொடுத்தார். பிரவுனின் நேரத்தையும் கொடுத்தார். என் கணக்கில் 500 பவுண்டை விட அதுதான் பெரிய தொகை.

அதுவரை திரையில் தெரிந்தது வெறும் கூர்முனைகள். எந்த ஆழத்தில் எதிரொலி என்று தெரியும், படம் தெரியாது. பிரவுன் யோசித்தார். ப்ரோப் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதையும் மெஷினுக்குச் சொல்லிவிட்டால்? நோயாளி படுக்கையில் சாப்பாடு வைக்கிற மேசையின் சட்டத்தை எடுத்து, அதில் ப்ரோபை நகரும்படி பொருத்தினார். இடத்தையும் கோணத்தையும் அளக்கப் பொட்டென்ஷியோமீட்டர்கள். ஆம், நம்ம எலெக்ட்ரிகல் லேப் சங்கதிதான். எதிரொலி கூர்முனையாக எழும்புவதற்குப் பதில், வந்த இடத்தில் ஒரு ஒளிப்புள்ளியாக விழுந்தது. ப்ரோபைக் கையால் அசைத்து அசைத்து வயிற்றின் குறுக்கே நகர்த்த, கேமராவின் ஷட்டர் திறந்தபடியே இருக்க, புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து... வயிற்றின் குறுக்குவெட்டுப் படம்! தண்ணீர்ப் பாத்திரமும் ஒழிந்தது. தோலுக்கும் ப்ரோபுக்கும் இடையில் காற்று நுழைந்தால் ஒலி அங்கேயே திரும்பிவிடும் என்பதால் வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவினார்கள். வெல்டிங்கைச் சோதிக்குமுன் நாம் ஆயிலோ கிரீஸோ தடவுவதும் இதற்காகத்தான்.

அந்தச் சமயத்தில் வந்த ஒரு கேஸ்தான் கேலி பேசியவர்களின் வாயை அடைத்தது. அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண். வயிறு ஊதிக் கிடந்தார், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இரைப்பையில் புற்றுநோய், ஆபரேஷன் செய்தும் பயனில்லை, வயிற்றில் நீர் கோத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாவை எதிர்பார்த்துக் கிடந்த அந்த அம்மாவின் வயிற்றில் டொனால்டும் அவருடைய இளம் உதவியாளர் ஜான் மேக்விகாரும் ப்ரோபை வைத்துப் பார்த்தார்கள். கோத்த நீர் மாதிரி இல்லை. சுவர் தெளிவாகத் தெரிகிற ஒரு பிரம்மாண்டமான நீர்க்கட்டி! ஆபரேஷன் செய்தார்கள். சூலகத்தில் சாதாரணக் கட்டி, புற்றுநோயே இல்லை. அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். இதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கும் பேச்சே இல்லை என்று டொனால்டே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1958 ஜூன் 7 லான்செட் இதழில் கட்டுரை வந்தது. வயிற்றுக் கட்டிகளை அல்ட்ராசவுண்டால் ஆராய்வது பற்றி, 100 நோயாளிகளின் அனுபவம், 8 பக்கம். பூனைக்குட்டிகளில் செய்த பாதுகாப்புச் சோதனையும் அதில் உண்டு. இவ்வளவு செய்தும் அவர்கள் எழுதிய முடிவு எவ்வளவு அடக்கம் தெரியுமா? இந்தப் படங்களை நம்பி மருத்துவ முடிவு எடுக்கும் நிலை இன்னும் வரவில்லை என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். புற்றுநோய் என்று கைவிட்டவரைக் காப்பாற்றிய பிறகு! நம்மில் சிலர் மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதுகிற கன்க்ளூஷனை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள். டொனால்ட், மேக்விகார், பிரவுன். முதல் இரண்டும் டாக்டர்கள். மூன்றாவது கம்பெனி ஆள், அப்ரண்டிஸாக வந்த 25 வயது இளைஞர். கருவி செய்து கொடுத்தவருக்குக் கட்டுரைக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு நன்றி போட்டு முடித்திருந்தால், அன்றைக்கு யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். டொனால்ட் அப்படிச் செய்யவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எரிகிற விமானத்துக்குள் புகுந்ததைக் கூட இதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

அப்புறம் வேலை வேகம் பிடித்தது. ப்ரோபைப் பிடிக்கிற கை தான் எதிர்பார்க்கிற படத்தையே வரவழைத்துவிடக் கூடும் என்று பிரவுனுக்குச் சந்தேகம் வந்தது. மோட்டாரால் தானே நகரும் ஸ்கேனர் செய்தார். அதன் தோற்றம் பீரங்கி மாதிரி! பயந்துபோகாதவர் யார்? அதன் வடிவத்தைத் திருத்த அழைக்கப்பட்டவர் டுகால்ட் கேமரன். அப்போது அவர் கிளாஸ்கோ கலைப் பள்ளி மாணவர். நோயாளிக்கும் இயக்குபவருக்கும் வசதியாக அவர் வரைந்த வடிவம் பிற்பாடு டயசோனோகிராஃப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உருவத்தைப் பார்த்து டைனோசரோகிராஃப் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

1959-ல் கருவில் இருக்கும் குழந்தையின் தலையிலிருந்து எதிரொலி தெளிவாக வருவதை டொனால்ட் கவனித்தார். தலையின் அகலத்தை அளந்தால் வளர்ச்சியை அளக்கலாம். டொனால்டின் உதவியாளர் வில்லாக்ஸ் அதைத் தொடர்ந்தார். பின்னால் வந்த ஸ்டூவர்ட் கேம்ப்பெல் 1968-ல் அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இதன் அருமை புரிய வேண்டுமானால் அந்தக் காலத்து இன்னொரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்தால் பிறக்கும் குழந்தைக்குப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர் 1956-லும் 1958-லும் எழுதியிருந்தார். எக்ஸ்ரேயை விட்டால் கருவைப் பார்க்க வேறு வழியில்லாத நேரத்தில் இந்த வழி திறந்தது.

1963-ல் இன்னொன்று பிடிபட்டது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை ஒதுக்கிவிட்டு ஒலிக்கு ஜன்னல் மாதிரி ஆகிறது. அதன் வழியே ஆரம்பக் கர்ப்பத்தையும் பார்க்க முடிகிறது. ஸ்கேன் சென்டரில் அக்காவோ அண்ணியோ பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அவஸ்தைக்குக் காரணகர்த்தா இவரே!

1964-ல் கிளாஸ்கோவில் குயின் மதர்ஸ் மகப்பேறு மருத்துவமனை திறந்தது. டொனால்ட் முன்நின்று உருவாக்கிய இடம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் 1967-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது மனிதர் கடுமையாக எதிர்த்தார். மேடைகளில் தன் ஸ்கேன் படங்களையே காட்டிப் பேசினார். அந்தக் கருத்தில் அவரோடு உடன்படாத டாக்டர்கள் நிறையப் பேர். நம்ம ஊரில் அதே மெஷின் வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண் கருவை அழிக்க ஆரம்பித்து, அதைத் தடுக்க 1994-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று. ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் போர்டைப் படிக்கும்போதெல்லாம் நான்கு பெண்களைப் பெற்ற அந்த மனிதர் இதை அறிந்தால் என்ன நினைத்திருப்பார் என்று தோன்றும்.

பிரவுன் என்ன ஆனார்? அது அவ்வளவு இனிப்பான கதை இல்லை. கெல்வின் அண்ட் ஹியூஸைத் தன் வசம் வைத்திருந்த ஸ்மித்ஸ் நிறுவனம், 1960களின் நடுவில் கிளாஸ்கோ வேலையைக் கைகழுவியது. ஸ்கேனர் தொழில் எடின்பரோ கம்பெனி ஒன்றுக்குக் கைமாறியது. அதற்குமுன்பே 1965-ல் பிரவுன் வெளியேறிவிட்டார். 1970களில் சோனிகெய்ட் கம்பெனிக்காக முப்பரிமாண ஸ்கேனர் ஒன்றை வடிவமைத்தார். காலத்துக்கு முந்திய சரக்கு, விற்கவில்லை. கடைசியில் அல்ட்ராசவுண்டையே விட்டு எண்ணெய்த் தொழில் பக்கம் வேலைக்குப் போனார். டொனால்டுக்கு 1973-ல் சி.பி.இ. பட்டம் வந்தது. பிரவுனுக்கு உரிய மரியாதை தாமதமாகத்தான் வந்தது. ஆனால் லான்செட்டில் அச்சான அந்த மூன்றாவது பெயரை யாராலும் எடுக்க முடியவில்லை.

டொனால்டுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. மூன்று முறை பெரிய ஆபரேஷன், முதலாவது 1961-லேயே. மேலே சொன்ன வேலையில் பாதிக்கு மேல் அந்த இதயத்தோடு செய்ததுதான். 1976-ல் ஓய்வு பெற்று எசெக்ஸில் பேகிள்ஷம் என்ற சின்ன ஊரில் குடியேறினார். 1987 ஜூன் 19 அன்று அங்கேயே காலமானார். அவர் கட்டியெழுப்பிய குயின் மதர்ஸ் மருத்துவமனை 2010-ல் மூடப்பட்டு, பிரசவ வார்டுகள் நகரின் வேறு மருத்துவமனைக்கு மாறின.